பம்படியில் வந்த சம்மனசு

சாந்தோமிலிருந்து அடையாறு பாலம் வரைக்கும் தேடினாலும், சம்மனசு விஷயத்தில் என்னைப் போல விவரம் தெரிந்த ஆள் கிடைக்க மாட்டான். நான் ஒரு சம்மனசை நேருக்கு நேர் பார்த்தவன்.

பொய். பார்த்ததில்லை. நேருக்கு நேர் பார்த்த வெள்ளைச் சட்டைக்காரர் என்றால் அது டிராபிக் போலீஸ்காரர்தான். அவர் எனக்கு நற்செய்தி எதுவும் சொல்லவில்லை, சட்டென்று மறைந்தும் போகவில்லை.

சம்மனசு என்றால் தேவதூதர். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரர் வீடுகளில் அப்படித்தான் சொல்வோம். குழந்தை தூக்கத்தில் சிரித்தால் சம்மனசு விளையாட்டுக் காட்டுகிறது என்போம். நான் தூக்கத்தில் சிரித்தால் என் வீட்டுக்காரி எழுப்பி, எவள் என்று கேட்பாள்.

நான் மைக்செட்காரன். மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் கடை. திருவிழா, கல்யாணம், காதுகுத்து, சாவு எதற்கும் வருவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம். இதை எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்; பிழை பார்ப்பது வீட்டுக்காரி. அவள் பிழை என்று அடிப்பதெல்லாம் அவளைப் பற்றி நான் எழுதிய வரிகளாகவே இருக்கின்றன.

தொழில் மைக்செட் என்றாலும், எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பொய். ஊரூர் குப்பத்தில் ஒரு திருவிழா. புயல் காற்றில் நான் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஒன்று பிய்த்துக்கொண்டு போய்க் கடலில் விழுந்தது. நடந்தது அவ்வளவுதான். டீக்கடையில் சொல்லும்போது, அது அலைமேல் மிதந்துகொண்டே பாட்டுப் பாடியது என்று ஒரு கைப்பிடி சேர்த்துக்கொண்டேன். கொஞ்ச காலம் கழித்து தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல்காரர் ஒருவர் என்னிடமே அந்தக் கதையைச் சொன்னார். அதற்குள் சம்பவம் ராயபுரத்துக்கு மாறியிருந்தது. பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை ஒரு மீனவர் வலைபோட்டுப் பிடித்திருந்தார். மைக்செட்காரன் வேறு எவனோ. அப்படியெல்லாம் நடக்குமா என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், அவர் கரண்டியை நீட்டினார்.

"உனுக்கு இன்னா நைனா தெரியும்? என் சகலை கண்ணால பார்த்துக்கீறான்."

நடந்த இடத்தில் நின்றிருந்த எனக்கே அதற்குப் பிறகு லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது.

இப்படிப்பட்ட என்னைத்தான் என் மச்சினிச்சி நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தாள். மச்சினிச்சி என்றால் வீட்டுக்காரியின் தங்கை. தி.நகரில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு புடவை விரித்துக் காட்டுகிற வேலை. கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி மூலம் சில வருஷங்களாக மார்மன் சபைக்குப் போகிறாள். அமெரிக்காவில் தொடங்கிய சபை அது. கழுத்தில் டையும் சட்டையில் பேர் அட்டையும் குத்திக்கொண்டு இரண்டு இரண்டு பேராக நடந்து போகிற பையன்களை நீங்கள் பார்த்திருக்கலாம். எங்கள் குடும்பமோ தலைமுறை தலைமுறையாக ஒரே மாதா கோயிலில் பூசை பார்க்கிற குடும்பம். அவள் போனதில் வருத்தம்தான். ஆனால் சபை மாறினாள் என்பதைவிட, அங்கே போனவள் காபியை விட்டாள் என்பதுதான் பெரிய அதிர்ச்சி. மயிலாப்பூரில் இருந்துகொண்டு காபி வேண்டாம் என்பவளை எதில் சேர்ப்பது என்று என் வீட்டுக்காரிக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அந்தச் சபையில் சம்பளத்துக்குப் பிரசங்கம் செய்கிற சாமியார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கு, உட்கார்ந்திருக்கிறவர்களில் யாரையாவது முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். இந்த வாரம் புடவைக் கடைக்காரி, அடுத்த வாரம் பேங்க் காவலாளி. பேசுகிறவர் கடைசியில் "எனக்குத் தெரியும்" என்று சொல்லி, தான் நம்புகிறதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். நினைக்கிறேன், கேள்விப்பட்டேன் என்றெல்லாம் இழுக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் எல்லோரும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். அவர்களுடைய வாடகை ஹாலில் மைக் கரகரத்தால் நான் போய்ச் சரிசெய்வேன் என்பதால் இது எனக்குத் தெரியும். பார்த்தீர்களா, நானும் சொல்லிவிட்டேன்.

மச்சினிச்சியின் முறை வந்தது. குடும்பங்களில் சொல்லிச் சொல்லி வருகிற விசுவாசக் கதைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். அவள் ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, ஆம்பிளிபயர் பெட்டிமேல் உட்கார்ந்து, அவர்கள் சபை தொடங்கிய காலத்துக் கதை ஒன்றைச் சொன்னாள்.

ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு பண்ணை வீடு. சபையை ஆரம்பித்தவர் அந்த வீட்டில் தங்கி, அவர்கள் சபைக்கென்று உள்ள வேதப் புத்தகத்தைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். வந்தவர்களுக்கெல்லாம் ஆக்கிப்போட்டு, பாத்திரம் கழுவி, படுக்கை விரிப்பது அந்த வீட்டு அம்மா. ஒருநாள் அலுத்துப்போய் மாடு கறக்கக் கிளம்புகிறாள். வழியில் முதுகில் மூட்டையோடு ஒரு கிழவர். உன் கஷ்டம் தெரியும், கொஞ்சம் பொறு என்கிற மாதிரி ஆறுதல் சொல்லி, மூட்டையிலிருந்து தங்கத் தகடுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டிவிட்டுக் காணாமல் போகிறார். அந்தத் தகடுகளிலிருந்துதான் உள்ளே புத்தகம் எழுதப்படுகிறது.

"அந்தம்மாவே இதை எழுதி வெச்சாங்களா?" என்று கேட்டேன்.

இல்லை என்றாள். ரொம்பக் காலம் கழித்து மகன் சொன்னது ஒன்று இருக்கிறது. பேரன் சொன்னது ஒன்று இருக்கிறது. மகன் சொல்வதில், அந்தக் கிழவரைத் தானும் வழியில் முன்பே பார்த்ததாக வருகிறது. பேரன் சொல்வதில் கிழவருக்கு ஒரு பேரும் வந்துவிடுகிறது. டை கட்டிய பையன்களில் ஒருவனிடம் எது சரி என்று இவள் கேட்டிருக்கிறாள். தெலுங்குப் பையன், தமிழைத் தடவித் தடவிப் பேசுவான். அந்தம்மா சொன்னதாக அவங்க பேரன் சொல்கிறார், அதுவரைக்கும்தான் என்னால் சொல்ல முடியும் அக்கா என்றானாம். அந்தப் பையனை எனக்குப் பிடித்துப்போனது. அந்த வயதில் நானாக இருந்தால் கிழவரின் மூட்டையைத் தூக்கிவந்தவனே என் மாமாதான் என்றிருப்பேன்.

எனக்கு அந்த மூட்டை பிடித்திருந்தது. பொய் சொல்கிறவன் சம்மனசுக்குச் சிறகு வைப்பான், வெளிச்சம் வைப்பான். மூட்டை வைக்கத் தோன்றாது. அதனால் யாரோ ஒரு ஆள் நிஜமாகவே வந்திருப்பார் போல என்றேன். டிபன் கேரியரோடு வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரிக்கு வேறு கவலை.

"வந்தவரு மாட்டைக் கறந்து குடுத்தாரா?"

"இல்லக்கா. தகடு மட்டும் காமிச்சாரு."

"அப்ப அந்தம்மாதான் கறந்துக்கினுது. நம்ம வூட்டு சம்மனசு தேவல. பம்பு அடிச்சுக் குடுத்து, குடத்தைத் தூக்கி இடுப்புலயும் வெச்சுட்டுப் போச்சு."

மச்சினிச்சி பெட்டியை விட்டு எழுந்துவிட்டாள். அதைப் பற்றிக் கேட்கத்தான் அவள் வந்ததே.

எங்கள் வீட்டுச் சம்மனசின் கதை இது. என் மாமனார் அச்சகத்தில் வேலை பார்த்தவர். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அப்போது என் பெரிய மச்சான் பள்ளிக்கூடப் பையன், என் வீட்டுக்காரி சின்னப் பெண், மச்சினிச்சி கைக்குழந்தை. மூன்றையும் வைத்துக்கொண்டு மாமியார் என்ன செய்வார் என்று மாமனாரின் அண்ணன், பிள்ளைகளுக்குப் பெரியப்பா, உட்கார்ந்து யோசித்தார். கைக்குழந்தையை கே.கே. நகரில் இருக்கிற தங்கைக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். அந்த அத்தைக்குக் குழந்தை இல்லை. நாளும் குறித்தாயிற்று. மாமியாரை யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அது ஒரு வழக்கமாகவே இல்லை. குறித்த நாள் விடியலில் மாமியார் குடத்தோடு தெரு பம்புக்குப் போனார். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் வந்து பம்பு அடித்துக் குடத்தை நிரப்பினார். தூக்கி மாமியார் இடுப்பில் வைத்தார். குழந்தையை யாருக்கும் கொடுக்காதே, அது பிழைத்துக்கொள்ளும் என்றார். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. மாமியார் வந்து இதைச் சொன்னதும் பெரியப்பா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சம்மனசு சொன்னபிறகு நாம் யார் என்று எழுந்து போய்விட்டார்.

குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் யாராவது இந்தக் கதையை எடுப்பார்கள். மச்சினிச்சியைக் காட்டி, சம்மனசு காப்பாற்றிய பிள்ளை என்பார்கள். மாமியார் மட்டும் அதைச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. மற்றவர்கள் ஆரம்பித்தால், சோறு வடிக்கணும் என்று எழுந்து போவார். சோறு ஏற்கனவே வடித்திருக்கும். இப்போது அவர் இல்லை.

"மாமா, உன் பொழப்பே கதை கட்றது. ஒரு கதையைப் பார்த்தா எது நெசம், எது சேர்த்ததுன்னு உனுக்குத் தெரியும். சொல்லு, சம்மனசு வந்துச்சா?"

வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, சொல்லிவிட்டு வந்து உட்காரு, கைதட்டுவார்கள் என்றேன். அங்கே கைதட்ட மாட்டார்கள் என்றாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, தன் அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாரும் சம்மனசு காப்பாத்திச்சுன்றாங்க. யார்கிட்டேர்ந்து காப்பாத்திச்சு மாமா? எங்கம்மா கிட்டேர்ந்து. அது வரலன்னா அவங்க என்னக் குடுத்திருப்பாங்க, இல்ல?"

நாற்பது தாண்டியவள். மகனுக்கு மீசை முளைத்துவிட்டது. இத்தனை வருஷம் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்ன கதைக்குள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். வீட்டுக்காரி டிபன் கேரியரைத் திறந்து மூடினாள்.

சரி, எடைபோட்டுப் பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். முதல் சாட்சி வீட்டுக்காரி. அவள் சொன்னதில் பெரியவர் பம்படியில் நிற்கவில்லை, வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அவரோடு சாம்பிராணி வாசனையும் வந்தது. அப்போது உனக்கு எத்தனை வயது என்றேன். ஒண்ணாம் வகுப்பு என்றாள். அந்த வயதில் அவளுக்குத் தெரிந்த பெரிய காரியமெல்லாம் கோயிலில் சாம்பிராணிப் புகையோடுதான் நடந்திருக்கும் என்றேன். அன்றைக்கு டிபன் கேரியர் அவளோடேயே திரும்பிப் போனது.

அடுத்த சாட்சி பெரிய மச்சான். பெருங்குடியில் இருக்கிறார், பள்ளிக்கூட வாத்தியார். போன் போட்டால் எடுத்ததும், மாப்ளே, இப்போது யாருக்கு என்ன பொய் சொல்லி மாட்டிக்கொண்டாய் என்றுதான் கேட்பார். விஷயத்தைச் சொன்னதும் நிதானமாகிவிட்டார். வேட்டி வெள்ளை, தாடி பாதி நரை என்றார். பார்த்தீர்களா என்றேன். பார்க்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மா பெரியப்பாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன் என்றார். தாடியை அம்மா சொன்னார்களா என்றேன். தாடி இல்லாமல் எப்படி மாப்ளே என்றார்.

ஆக, எல்லாமே கதவுக்குப் பின்னால் கேட்டது. அந்த அமெரிக்கப் பேரனைக் குறை சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை.

அப்போதுதான் எனக்கு கே.கே. நகர் அத்தை ஞாபகம் வந்தது. என் பொய்களை இதுவரை பிடித்தவர்கள் எல்லோரும் அந்தப் பொய்யால் எதையாவது இழந்தவர்கள். லாபம் அடைந்தவர்கள் ஒருநாளும் நோண்டிப் பார்த்ததில்லை. இந்தக் கதையில் எல்லோருக்கும் ஏதோ கிடைத்தது. இழந்தது அத்தை ஒருவர்தான். அவரிடம் மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்பது நாகரிகமில்லை என்று விட்டிருந்தார்கள். நாகரிகம் பார்க்காத ஒரு ஆள் குடும்பத்துக்கு எதற்காவது பயன்பட வேண்டாமா?

மச்சினிச்சி கடைக்கு லீவு சொன்னாள். என் மைக்செட் வண்டியிலேயே போனோம். அத்தை கீழ்த்தளத்து வீட்டில் தனியாக இருக்கிறார். அத்தையின் கணவரான மாமா காலமாகிச் சில வருஷமாகிறது. முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து காபி போட்டார். மச்சினிச்சி வேண்டாம் என்றதும், அத்தை அவள் டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டையும் நானே குடித்துக் குடும்ப மானத்தைக் காப்பாற்றினேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. புடவை விலை, முட்டிவலி என்று பேச்சு சுற்றிக்கொண்டிருந்தது. நான் மேலே பார்த்தேன். எங்கே போனாலும் ஸ்பீக்கர் தொங்கவிட இடம் பார்க்கிற கண் என்னுடையது. கூடத்து நடுவில், மின்விசிறியிலிருந்து தள்ளி, கூரைத் தளத்தில் ஒரு இரும்புக் கொக்கி. நல்ல கனமான கொக்கி. அதில் ஒரு பையில் வெங்காயம் தொங்கியது.

"இவ்ளோ பெரிய கொக்கியில வெங்காயமா? என் பெரிய பாக்ஸையே தாங்குமே" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.

அத்தை நிமிரவில்லை. "அது தூளி கட்டப் போட்டது மாப்ளே. இவளுக்கு."

மச்சினிச்சி கொக்கியைப் பார்த்தாள். நான் காலி டம்ளரைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரைக்காயை நார் உரித்துக்கொண்டே அத்தை சொன்னார். குறித்த நாளில் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானம் பெரியண்ணனோடு சேர்ந்து போகவேண்டியவர், விடியும்போதே புதுத் துணியை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் மயிலாப்பூர் போய்விட்டார். தெருமுனை பம்பில் என் மாமியார் நிற்கிறார். குடம் காலியாக இருக்கிறது. கை பம்பின் மேல் இருக்கிறது, அடிக்கவில்லை. அத்தையைப் பார்த்ததும், குடுக்க முடியல அண்ணி என்றார். நீ யாருடி முடிவு பண்ண, பெரியண்ணன் சொல்லியாச்சு என்று அத்தை சத்தம் போட்டிருக்கிறார். தெரியும் அண்ணி, குடுக்க முடியல என்று மறுபடியும் அதையே சொன்னாராம். அழவில்லை.

"அப்போ அங்க பெரியவர் யாராவது..." என்று மச்சினிச்சி தொடங்கினாள்.

"ஒரு ஈ காக்கா இல்ல. பால்காரன்கூட வரல."

"பம்பு அடிச்சது யாரு அத்தை?"

"நான்தான். அவ நின்ன நிலையைப் பார்த்தா அன்னிக்கெல்லாம் நின்னுக்கினே இருப்பா போல இருந்துது. அடிச்சு ரொப்பி, தூக்கி இடுப்புல வெச்சேன். வீட்டுக்குப் போடின்னேன்."

மத்தியானம் பெரியப்பா வந்தார். குழந்தையை எடுத்துவா என்றார். மாமியார் அப்போதுதான் அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னார். வெள்ளை வேட்டி, பம்பு அடித்தது, குடத்தைத் தூக்கி வைத்தது. சொல்லும்போது அத்தையைப் பார்க்கவில்லை. பெரியப்பா சந்தேகக்காரர். காலையிலேயே வந்தாயே, நீ யாரையாவது பார்த்தாயா என்று அத்தையிடம் திரும்பித் தணிந்த குரலில் கேட்டார்.

அத்தை முறத்தை ஓரமாக நகர்த்தினார். "இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னத் தூக்கிக்கினு வந்திருப்பேன். புதுத்துணி மடியிலேயே இருந்துது."

"என்ன சொன்னீங்க?"

"பின்னாடிலேர்ந்து பார்த்தேன், போய்க்கினு இருந்தாருன்னேன்."

ஏன் என்று மச்சினிச்சி கேட்டாள். அத்தை யோசித்தார். குடம் கனமாக இருந்தது என்றார். பிறகு, கொக்கியைக் கழற்றிவிடலாம் என்று மாமா ரொம்ப நாள் சொன்னதாகவும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று தான் சொன்னதாகவும் சொல்லிவிட்டு, அவரைக்காயை உள்ளே எடுத்துப் போனார்.

திரும்பும் வழியில் தி.நகரில் ஒரு சிக்னலில், அம்மா மொதல்லயே முடியாதுன்னு சொல்லியிருக்காங்க மாமா என்றாள் மச்சினிச்சி. ஆமாம் என்றேன். பச்சை விழுந்து, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்து, அடுத்த சிக்னல் வந்ததும் அதையே மறுபடி சொன்னாள். சம்மனசு வருவதற்கு முன்னாலேயே. ஆமாம் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கவலையில் துடைக்கிற மாதிரி தெரியவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது அவளுக்கு வேறு கவலை வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது? சம்மனசு வந்தது, எனக்குத் தெரியும் என்று இனி சொல்ல முடியாது. வரவில்லை என்று சொன்னால், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் செத்துப்போன அம்மாவையும் இருக்கிற அத்தையையும் பொய்க்காரிகளாக நிறுத்துவதாகும். அதிலும் சம்மனசை நம்புகிற இடத்தில். வேறு கதை சொல்லேன், என் ஸ்பீக்கர் கதை இருக்கிறது என்றேன். முறைத்தாள்.

நான் அவள் கேட்ட தீர்ப்பை யோசித்துக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்த பொய்யெல்லாம் சொல்கிறவனைப் பெரிய ஆளாக்குவதற்குச் சொன்னவை. மாமியார் சொன்னதில் அவரே இல்லை. முடியாது என்று சொன்ன தன் வாயை எடுத்து ஒரு கிழவருக்குக் கொடுத்துவிட்டார். தான் சொன்னால் எடுபடாது, வேட்டி கட்டியவர் சொன்னால் எடுபடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அமெரிக்க அம்மாவை நினைத்தேன். அவளுக்கு யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் வாயால் சொன்னது என் காதுக்கு வரவில்லை. மகனும் பேரனும் சொன்னதில் தகடு பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது, மூட்டை வந்து சேர்ந்திருக்கிறது, அவள் அலுத்துப்போனதும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த அலுப்பை யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். அது வரைக்கும் என்னால் நம்ப முடிகிறது. அதற்கு மேல் அந்தத் தெலுங்குப் பையன் நின்ற இடத்தில்தான் நானும் நிற்கிறேன்.

ஞாயிறு வந்தது. மைக் கரகரக்கக் கூடாது என்று நானே ஹாலுக்குப் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்காரி கோயிலில் காலைப் பூசையை முடித்துவிட்டு, இரண்டு பக்கமும் கணக்கு நேராக இருக்கட்டும் என்று வந்தாள். பெருங்குடியிலிருந்து பெரிய மச்சான் வந்து கடைசி வரிசையில் வாத்தியார் மாதிரி உட்கார்ந்தார். முன் வரிசையில் அத்தை. யார் கூப்பிட்டது என்று எனக்குத் தெரியாது. கஞ்சி போட்ட புடவை, மடியில் கைப்பை.

மச்சினிச்சி எழுந்து போனாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். அமெரிக்கப் பண்ணை வீட்டைச் சொன்னாள், மாட்டைச் சொன்னாள், மூட்டையைச் சொன்னாள். இது மகனும் பேரனும் சொல்லி நமக்கு வந்தது என்றும் சொன்னாள். நான் சத்தத்தை இம்மியளவு ஏற்றினேன். எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது என்று சொல்லி நிறுத்தி, அத்தை பக்கம் பார்த்தாள்.

அந்த நேரத்தில் என் தோளை யாரோ தட்டினார்கள். கட்டடத்து வாட்ச்மேன்.

"யோவ், மைக்செட்டு வண்டி உன்துதானே? தண்ணி லாரி உள்ள வர முடியாம நிக்குது. எடுய்யா."

கொஞ்சம் பொறு என்று சைகை காட்டினேன். லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். அவள் பேச்சையே அது அமுக்கிவிடும் போலிருந்தது. ஓடினேன். சந்தில் முன்னால் ஒரு கார், பின்னால் லாரி. என் வண்டியை எடுத்துத் தெருமுனை வரைக்கும் போய்த் திருப்பிக்கொண்டு வருவதற்குள் என் ஆயுசில் பாதி போனது. படியேறி வந்து பார்த்தால் மைக் முன்னால் வேறு யாரோ நிற்கிறார்கள். மச்சினிச்சி அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அத்தையின் கைப்பை இவள் மடியில் இருக்கிறது. அத்தையின் கை இவள் கைக்குள் இருக்கிறது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

என்ன சொன்னாள் என்பது மட்டும் எனக்கு வந்து சேர்ந்த கதையாகிவிட்டது. சம்மனசு வந்தது, பெண்ணாக வந்தது என்று சொன்னாள் என்கிறாள் வீட்டுக்காரி. அப்படி எதுவும் சொல்லவில்லை, சம்மனசு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை, எங்கம்மா முடியாதுன்னு சொன்னாங்க, எனக்குத் தெரியும் என்று முடித்தாள் என்கிறார் பெரிய மச்சான். அத்தையைக் கேட்டால், நல்லாத்தான் பேசினா, மைக்குதான் கொஞ்சம் எரைச்சல் என்கிறார். மைக்கில் எந்தக் குறையும் இல்லை. அதற்கு நான் சாட்சி. தெலுங்குப் பையனைக் கேட்டேன். அவன் மட்டும் சிரித்துவிட்டு, நீங்க அக்காவையே கேளுங்க அண்ணா என்றான்.

கேட்கலாம். அவள் இப்போது வாராவாரம் கே.கே. நகர் போகிறாள். போன முறை நானும் போனேன். வெங்காயப் பை வேறு இடத்துக்கு மாறியிருந்தது. கொக்கியில் மணி பிளாண்ட் தொட்டி ஒன்று தொங்கியது. யார் மாட்டியது என்று இருவருமே சொல்லவில்லை. இன்றைக்கு அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று மச்சினிச்சி வந்திருக்கிறாள். என் வண்டிதான். போகிற வழியில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். யார் சொன்னது சரி என்று அவள் வாயாலேயே கேட்டு, இந்தக் கதையை இங்கேயே முடித்துக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால், கீழேயிருந்து குரல் வருகிறது.

"மாமா, எழுதிக் கிழிச்சது போதும். அத்தை வாசல்லியே நின்னுக்கினு இருக்கும், வா."

வருகிறேன் என்று சொன்னேன். எடுத்து வைத்த வண்டிச் சாவியைக் காணோம். இங்கேதான் எங்கேயோ வைத்து...